கூத்தனுக்கு நூற்றிருபது கலம்: காவிரிப் படுகையில் ஐந்து நாள்

நாள் 1: தஞ்சாவூர்

காலை ஆறரைக்குத் தஞ்சாவூரில் இறங்கினேன். பெரிய கோயிலை ஒட்டிப் போகும் புதுஆற்றில் சொட்டுத் தண்ணீர் இல்லை. மேட்டூர் திறக்க ஜூன் 12 ஆக வேண்டும், அதுவும் அணையில் நீர் இருந்தால். "இந்த வெயிலில் யாராவது தஞ்சாவூர் போவார்களா?" என்று வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். நான் வேண்டுமென்றேதான் வைகாசியில் வந்தேன். அதற்கான காரணம் இந்தக் கோயில் கல்லில் இருக்கிறது.

இரண்டு வருடமாக நாடக வரலாறு படிக்கிறேன். வகுப்பில் எழுதிய குறிப்புகளில் நூல்களின் பெயரும் ஆசிரியர்களின் பெயரும் வரிசையாக இருக்கின்றன. ஆடியவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்பது மட்டும் எங்கேயும் இல்லை. அதற்குப் பதில் சொல்லும் கல்வெட்டு ஒன்று பெரிய கோயிலில் இருக்கிறது. இரண்டாம் இராசேந்திர சோழனின் 6-ஆம் ஆட்சியாண்டில் வெட்டியது. ஆடுபவன் பெயர் சாந்திக்கூத்தன் திருவாலன் திருமுதுகுன்றன், பட்டப்பெயர் விஜயராஜேந்திர ஆசாரியன். இவன் வைகாசிப் பெரிய திருவிழாவில் இராஜராஜேஸ்வர நாடகம் ஆட வேண்டும். அதற்காக நாளொன்றுக்கு ஒரு தூணி வீதம் வருடத்துக்கு 120 கலம் நெல், அவனுக்கும் அவன் வழியினருக்கும்.

கணக்கைப் போட்டுப் பார்த்தேன். தூணியும் கலமும் பழைய நெல் அளவைகள், மூன்று தூணி ஒரு கலம். 360 நாளுக்கு 360 தூணி, சரியாக 120 கலம். ஆட்டம் திருவிழாவில்தான். நெல்லோ வருடம் முழுவதும், ஆடாத நாளுக்கும் அளக்கப்படுகிறது. பயிற்சிக்கும் உடம்பைப் பேணவும் மகனுக்குச் சொல்லிக்கொடுக்கவும் சேர்த்துத்தான் அந்தத் தூணி என்று எனக்குத் தோன்றுகிறது. மேடை ஏறும் நாளுக்கு மட்டும் கூலி வாங்கிப் பழகிய எங்கள் குழுவை நினைத்துக்கொண்டு அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

இதற்கு முன்பே முதலாம் இராசராசன் சோழ நாட்டுக் கோயில்களிலிருந்து ஆடல் மகளிரான 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் கொண்டுவந்து இங்கே குடியமர்த்தினான். ஒவ்வொருத்தி பெயரும் கல்லில் இருக்கிறது. எந்த ஊர், எந்தக் கோயிலிலிருந்து வந்தாள், எந்தத் தெருச் சிறகில் (வரிசையில்) எத்தனையாவது வீடு என்பதுவரை உண்டு. ஆளுக்கு ஒரு பங்கு, அதாவது 100 கலம் நெல். நட்டுவம் செய்தவர், பாடியவர், உடுக்கை வாசித்தவர் என்று பட்டியல் நீள்கிறது. அவர்களில் யார் விரும்பி வந்தார்கள், யாரைக் கட்டளை இழுத்துவந்தது என்பதைக் கல் சொல்லாது. ஆனால் 'தலைவீடு', 'இரண்டாம் வீடு' என்று படித்துக்கொண்டே போனால், தெருவில் சாயங்காலம் கோலம் போட்டுக்கொண்டிருந்தவர்களைப் பார்ப்பதுபோல இருக்கிறது.

அந்த நாடகத்தின் ஏடு கிடைக்கவில்லை. வசனம் போய்விட்டது, கூலிக் கணக்கு நின்றுவிட்டது.

பகல் பன்னிரண்டுக்குக் கருங்கல் தரை காலைச் சுட்டுப் பொசுக்கியது. காவலுக்கு இருந்த அண்ணன், "சாக்கு போட்டிருக்கிற பக்கமா நடம்மா" என்று கத்தினார். ஓடி வந்து நிழலில் நின்றேன். விமானத்தின் மேல்தளத்தில் சிவன் ஆடும் கரணச் சிற்பங்கள் இருக்கின்றன; கரணம் என்னும் ஆடல் அசைவுகள் 108-இல் 81. மீதி 27-க்கு இடம் விட்டு, கல்லை வெறுமையாக வைத்திருக்கிறார்கள். அங்கே ஏறிப்பார்க்க அனுமதி கிடைக்கவில்லை. அடுத்த முறை.

நாள் 2: சரஸ்வதி மகால்

நேற்று ஒன்றை எழுத விட்டுப்போனது. பெரிய கோயிலில் நாடகம் சோழரோடு முடிந்துவிடவில்லை. மராட்டிய அரசர் இரண்டாம் சரபோசி (ஆட்சி 1798 முதல் 1832 வரை) மேல் கொட்டையூர் சிவக்கொழுந்து தேசிகர் பாடிய சரபேந்திர பூபாலக் குறவஞ்சியைச் சித்திரைத் திருவிழாவில் இதே வளாகத்தில் ஆடினார்கள். உலா வரும் அரசனைக் கண்டு தலைவி மயங்குகிறாள், குறத்தி வந்து குறி சொல்கிறாள், சிங்கன் சிங்கியைத் தேடி வருகிறான். போன நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஆட்டம் நடந்திருக்கிறது. பார்த்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று மேலவீதியில் விசாரித்தேன். ஒரு பாட்டி மட்டும் தன் அம்மா பார்த்ததாகச் சொன்னார்.

இன்று முழுவதும் அரண்மனை வளாகத்தில் இருக்கும் சரஸ்வதி மகால் நூலகம். ஓலைச்சுவடியைத் தொட முறையான அனுமதி வேண்டும். நான் நூலகம் அச்சிட்ட பதிப்புகளோடு உட்கார்ந்துகொண்டேன். மின்விசிறிக்கு நேர் கீழே இடம் கிடைத்ததே பெரிய பாக்கியம்.

நாயக்கர் காலத்துத் தெலுங்கு யட்சகானங்களில் (பாட்டும் ஆட்டமும் கலந்த நாடகங்களில்) என்னைப் பிடித்து நிறுத்தியது மன்னாருதாச விலாசம். எழுதியவர் இரங்காஜம்மா, விசயராகவ நாயக்கர் அவையில் இருந்த பெண் புலவர். 17-ஆம் நூற்றாண்டில் தஞ்சாவூரில் ஒரு பெண் நாடகம் எழுதியிருக்கிறார். என் பாடத்திட்டத்தில் அவர் பெயர் இல்லை. தெலுங்கு என்பதால் விட்டிருப்பார்கள். ஆனால் ஆடியது இந்த ஊரில், பார்த்தது இந்த ஊர்க்காரர்கள். வரலாற்றை மொழிவாரியாக வேலி கட்டிப் பிரித்தால் தஞ்சாவூர் யாருடைய பக்கத்திலும் முழுதாக வராது.

மராட்டிய அரசர் சாகசி (ஆட்சி 1684 முதல் 1712 வரை) இதை இன்னும் தெளிவாகக் காட்டுகிறார். அவருடைய பஞ்சபாஷா விலாச நாடகத்தில் தமிழ், தெலுங்கு, மராத்தி, இந்தி, சமஸ்கிருதம் என ஐந்து மொழிகள் ஒரே மேடையில் பேசிக்கொள்கின்றன. இன்னொரு செய்தியும் இருக்கிறது. மராத்தி நாடகம் 1843-இல் மகாராஷ்டிரத்துச் சாங்லியில் பிறந்ததாகத்தான் பொதுவாகச் சொல்வார்கள். அதற்கு நூற்றைம்பது வருடம் முன்பே சாகசி அவையில் மராத்தியில் நாடகம் எழுதிவிட்டார்கள். காவிரித் தண்ணீர் குடித்து எழுதிய மராத்தி!

படி அளந்தவர் கோயில் அதிகாரி என்பது மாறி, அரசரே அளந்தார். அவரே எழுதினார், அவரே தலைவனாகப் பாடப்பட்டார். ஆகவே அரசு கைமாறியதும் ஆட்டமும் ஆடிப்போனது. வெளியே வரும்போது சங்கீத மகாலில் நின்று கைதட்டிப் பார்த்தேன். சத்தம் சிதறாமல் திரும்பி வந்தது.

நாள் 3: மெலட்டூர்

இதை மறுநாள் காலை எழுதுகிறேன். ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை.

தஞ்சாவூரிலிருந்து திருக்கருகாவூர் பேருந்தில் ஏறினால் முக்கால் மணி நேரம். "பாகவத மேளாவாம்மா? கடைசி பஸ் கிடையாது, காலைலதான்" என்று நடத்துநரே எச்சரித்தார். தெரிந்துதான் போனேன். பாகவத மேளா என்பது கோயிலுக்கு முன்னால் ராத்திரி முழுக்கப் பாடி ஆடும் தெலுங்கு நாடகம்.

தஞ்சை அச்சுதப்ப நாயக்கர் 510 குடும்பங்களுக்கு வீடும் நிலமும் கொடுத்துக் குடியேற்றிய ஊர் என்பது மரபு. அதனால் அச்சுதபுரம் என்றும் பெயர். சாலியமங்கலம், சூலமங்கலம், ஊத்துக்காடு, நல்லூர், தேப்பெருமாநல்லூர் ஆகிய ஊர்களிலும் இந்த மேளா இருந்தது. மெலட்டூரில் ஆடும் நாடகங்களை எழுதியவர் இந்த ஊர்க்காரரான வெங்கடராம சாஸ்திரி. தியாகராஜருக்கு மூத்த சமகாலத்தவர். பிரகலாத சரித்திரம், மார்க்கண்டேயர், உஷா பரிணயம், அரிச்சந்திரா எல்லாம் தெலுங்கு. நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி, வரதராஜப் பெருமாள் சன்னிதிக்கு எதிரே மேடை போடுகிறார்கள். நேர் எதிரில் பெருமாள் இருக்கிறார், நாம் நடுவில் உட்கார்ந்து பார்க்கிறோம்.

சாயங்காலமே போய்விட்டதால் வேஷம் கட்டும் இடத்தில் நிற்க விட்டார்கள். பெண் வேஷம் எல்லாம் ஆண்கள்தான். அன்றைய பிரகலாத சரித்திரத்தில் லீலாவதியாக ஆட வேண்டியவர் சவுரி வைத்துக் குஞ்சலம் கட்டிக்கொண்டிருந்தார். சென்னையில் வங்கி வேலையாம். "வருஷம் தவறாம லீவு போட்டுண்டு வந்துடுவேன். அப்பா கட்டின வேஷம். எட்டு வயசுல பிரகலாதனா நின்னேன், இப்ப அவனுக்கு அம்மா" என்றார். கண்ணாடியிலிருந்து முகத்தை எடுக்காமலே சொன்னார். புருவம் எழுதி முடித்ததும் குரல்கூட மெதுவாகிவிட்டது.

நான் கேட்க வந்த கேள்வியை ஒரு பெரியவரிடம் கேட்டேன். "ஐயா, இதற்கெல்லாம் செலவு?"

"அந்தக் காலத்துல நெலம் இருந்தது, அறுத்த நெல்லு இருந்தது. நெலமெல்லாம் போயாச்சு. வெளியூர், வெளிநாடு போன பிள்ளைகள் அனுப்பறா. சர்க்கார் கொஞ்சம் குடுக்கறது. மீதிக்கு எல்லார் ஆத்து வாசலிலயும் ஏறி எறங்கறோம். நீங்க சாப்பிட்டேளோ?"

சாப்பிட்டேன். தயிர்சாதமும் மாவடுவும்.

பத்து மணிக்குக் கோமாளியான கோணங்கி வந்தான். கூம்புத் தொப்பி, குதித்துக் குதித்து ஓட்டம். குழந்தைகள் எல்லாம் முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டன. அப்புறம் தோடய மங்கலம் என்ற வாழ்த்துப் பாட்டு, பிறகு விநாயகர் முகமூடி போட்ட ஒரு சிறுவன். ஒவ்வொரு பாத்திரமும் வரும்போது தன்னை அறிமுகப்படுத்தும் தரு என்ற பாட்டைப் பாடி ஆட, அதுவே நேரத்தை எடுத்துக்கொள்கிறது. இரணியன் நுழைய நள்ளிரவு தாண்டிவிட்டது. திரைக்குப் பின்னால் அவன் சலங்கை கேட்டதும் தூங்கிய குழந்தைகள் எழுந்துவிட்டன.

எனக்குத் தெலுங்கு தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாட்டிக்கும் தெரியாது. ஆனால் தரு முழுவதும் அவருக்கு மனப்பாடம். "இப்ப அவள் அழுவாள் பாரு" என்று எனக்கு முன்கூட்டியே சொன்னார். லீலாவதி அழுதாள். சாயங்காலம் பேசிய வங்கிக்காரர் எங்கே போனார் என்றே தெரியவில்லை. மகனுக்கு விஷம் கொடுக்கச் சொன்ன புருஷனைப் பார்த்து அந்தக் கை நடுங்கியதைப் பார்த்தபோது, ஆண் பெண் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. நானும் அழுதேன்.

விடியலுக்குக் கொஞ்சம் முன்னால் தூண். நரசிம்ம முகமூடி சாதாரண நாளில் பூசையில் இருப்பது. அணிகிறவர் விரதம் இருக்கிறார். அது முகத்தில் ஏறியதும் அவரை இரண்டு பக்கமும் ஆட்கள் பிடித்துக்கொண்டார்கள். நடிப்புக்காகப் பிடிக்கவில்லை, உண்மையாகவே பலம் போட்டுப் பிடித்தார்கள். கூட்டம் எழுந்து நின்று கும்பிட்டது. அரங்கேற்றம், காட்சி, பார்வையாளர் என்று வகுப்பில் படித்த சொற்களில் எதுவும் அந்த நிமிடத்துக்குப் பொருந்தவில்லை.

இதே கதையை ஒரத்தநாட்டுப் பக்கக் கிராமங்களில் விவசாயக் குடும்பங்கள் தமிழில் இரணியன் நாடகமாக ஆடுகின்றன. கதையும் காவிரித் தண்ணீரும் ஒன்றுதான். மொழி வேறு, தெரு வேறு. இரண்டையும் ஒரே வாரத்தில் பார்த்தவர்கள் எனக்கு எழுதுங்கள். அறுவடை முடிந்து நிலம் காய்ந்து கிடக்கும் மாதங்களில்தான் ஊர் ராத்திரி முழுக்க விழித்திருக்க முடியும் என்று அந்தப் பெரியவர் சொன்னார். தண்ணீர் வந்துவிட்டால் நாற்றங்கால் வேலை, அப்புறம் யாருக்கு நேரம்?

நாள் 4: கும்பகோணம், ஆனந்ததாண்டவபுரம், சீர்காழி

கும்பகோணத்தில் ஆனையடிப் பள்ளியை வெளியில் நின்று பார்த்தேன். எம்.ஜி.ஆரும் அண்ணன் சக்ரபாணியும் சிறுவர்களாகப் படித்த பள்ளி. வறுமை தாங்காமல் இங்கிருந்து, சிறுவர்களை வைத்து நாடகம் போட்ட பாய்ஸ் கம்பெனிக்குப் போனார்கள். கம்பெனிக் காலத்தில் படி அளந்தது டிக்கெட்: தரை, பெஞ்சு, நாற்காலி. தெருப் படுதா, காட்டுப் படுதா, தர்பார் படுதா என்று திரைகள் மாறும். ஏழு எட்டு வயதுப் பிள்ளைகள் சாப்பாட்டுக்காக வந்து பாட்டும் வசனமும் படித்தார்கள். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் பாடம் சொன்ன பிள்ளைகளும் அப்படி வந்தவர்கள்தான். தஞ்சாவூர் கோவிந்தசாமி ராவ், மராத்தியக் குழுக்கள் ஆடியதைப் பார்த்துத் தமிழில் கம்பெனி நடத்தியவர். சாகசி அவையில் மராத்தியில் எழுதிய ஊருக்கு மராத்தி நாடகம் இப்படித் திரும்பி வந்தது. இதையெல்லாம் தனியாக எழுத வேண்டும், ஒரு நாள் போதாது.

மயிலாடுதுறைக்கு அப்பால் ஆனந்ததாண்டவபுரம். கோபாலகிருஷ்ண பாரதி வாழ்ந்த ஊர். அவருடைய நந்தனார் சரித்திரக் கீர்த்தனையை நான் இத்தனை நாள் இசையாகத்தான் கேட்டிருந்தேன். இந்த வயல்களைப் பார்த்த பிறகுதான் அது எவ்வளவு பெரிய நாடகம் என்று புரிந்தது.

சேக்கிழாரின் பெரியபுராணத்தில் நந்தனுக்குப் பண்ணையார் கிடையாது. தில்லைக்குப் போகத் தடுப்பது அவன் மனத்தில் இருக்கும் பிறப்பு பற்றிய தயக்கம். 'நாளைப் போவேன்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறான். பாரதிதான் வேதியர் என்ற ஆண்டையைப் படைத்துக் கதைக்குள் கொண்டுவந்தார். 40 வேலி நிலத்தின் வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறார் வேதியர். ஒரு வேலி ஆறரை ஏக்கருக்கும் மேல். நாற்பது வேலி என்றால் ரயில் ஜன்னலில் கண்ணுக்கு எட்டிய மட்டும் தெரிந்ததெல்லாம். ஒரே இரவில் சிவன் அருளால் கதிர் விளைந்து நிற்கிறது.

அதிசயம் நடப்பது விடியலில். அதற்கு முன்பு கையைக் கட்டிக்கொண்டு நின்று "உத்தரவு கொடுங்கள்" என்று கேட்கிற ஒரு பண்ணையாளும், கொடுக்க மறுக்கிற ஆண்டையும் நேருக்கு நேர் நிற்கிறார்கள். இந்தப் படுகையில் தினமும் நடந்ததை அவர் கதையின் நடுவில் வைத்தார். மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இதற்குச் சிறப்புப்பாயிரம் (நூலைப் பாராட்டும் பாடல்) தர முதலில் தயங்கினார். அச்சேற உதவியவர் காரைக்காலில் அதிகாரியாக இருந்த பிரெஞ்சுக்காரர் சீசே. நெல் அளந்தவர்களைப் பற்றியே கேள்வி கேட்ட படைப்புக்கு, நெல் அளக்காத ஒருவர்தான் கை கொடுத்திருக்கிறார். பின்னால் இந்திரா பார்த்தசாரதி 'நந்தன் கதை'யில் அதிசயத்தையும் எடுத்துவிட்டுச் சூழ்ச்சியை மட்டும் மேடையில் நிறுத்தினார்.

திருப்புன்கூரில் இறங்கி, வெளியே நின்ற நந்தன் பார்ப்பதற்காக விலகியதாகச் சொல்லும் நந்தியைப் பார்த்தேன். வெளியே நின்று பார்க்கும் இடத்திலிருந்து சன்னிதி தெரிகிறது. நான் உள்ளே போகாமல் அங்கேயே நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

சீர்காழி சேர இருட்டிவிட்டது. அருணாசலக் கவிராயர் (1711–1779) இராம நாடகம் பாடியது இங்கே இருந்துதான். தமிழிசை மூவர் மண்டபம் பூட்டியிருந்தது. இட்லி சாப்பிட்டுப் படுத்துவிட்டேன்.

நாள் 5: பூம்புகார்

இந்த நாளுக்காகவே சீர்காழிச் சந்தையில் ஒரு மூங்கில் கழி வாங்கினேன்.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் மாதவி ஆடிய மேடையின் அளவு துல்லியமாக இருக்கிறது. கணுவுக்குக் கணு ஒரு சாண் வளர்ந்த மூங்கிலில் 24 விரல் அளவு எடுத்தால் ஒரு கோல். மேடை எட்டுக் கோல் நீளம், ஏழு கோல் அகலம், ஒரு கோல் உயரம். தளத்துக்கும் மேலே உள்ள உத்தரப் பலகைக்கும் நடுவே நான்கு கோல். வாயில் இரண்டு. படித்துப் படித்து மனப்பாடமாகிவிட்டது, ஆனால் ஒரு முறைகூட அளந்து பார்த்ததில்லை.

விரல் யாருடையது? ரொம்ப நெட்டையும் குட்டையும் இல்லாதவரின் கைப் பெருவிரல் என்பது உரை மரபு. கடற்கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு அண்ணனிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். சிரிக்காமல் கேட்டுக்கொண்டு, "என் விரலா? தாராளமா" என்று கையை நீட்டினார். கழியில் அவர் பெருவிரலை வைத்து வைத்து 24 கோடு போட்டோம். நாடாவில் ஒன்றே முக்கால் அடி வந்தது.

பிறகு மணலில் மேடை. நீளம் 14 அடி, அகலம் பன்னிரண்டே கால் அடி. நாலு மூலையிலும் குச்சி நட்டு, அண்ணன் கொடுத்த நைலான் கயிற்றைக் கட்டினோம். எங்கள் ஊர்க் கல்யாண மண்டப மேடையில் பாதிகூட இல்லை. இதற்குள் ஆடல் ஆசிரியன், இசையாசிரியன், தண்ணுமை, குழல், யாழ் எல்லாம் நின்றால் மாதவிக்கு எவ்வளவு இடம்?

உள்ளே போய் நின்று கையைத் தூக்கினேன். உத்தரம் ஏழடி. என் விரல்நுனி கிட்டத்தட்ட அதைத் தொடும். குதிப்பதற்கு அங்கே இடமில்லை. கண், கழுத்து, விரல், மணிக்கட்டு இவற்றால்தான் ஆடியிருக்க வேண்டும். பார்த்தவர்களும் கிட்டத்தில் இருந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் விரல் அசைவு எப்படித் தெரியும்? தூணின் நிழல் மேடையில் விழாமல் வெளியே போகும்படி விளக்கு வைக்க வேண்டும் என்று இளங்கோ அடிகள் எழுதியது ஏன் என்று கயிற்றுக்குள் நின்றபோது விளங்கியது. இவ்வளவு சின்ன இடத்தில் ஒரு தூண் நிழல் விழுந்தால் ஆட்டத்தில் பாதி மறைந்துவிடும். ஒருபக்கம் இருந்து இழுக்கும் ஒருமுக எழினி, இரு பக்கமும் இருந்து வந்து சேரும் பொருமுக எழினி, மேலே ஒளிந்திருந்து இறங்கும் கரந்துவரல் எழினி என்ற மூன்று திரைகளையும் அண்ணனுக்குக் கையால் காட்டினேன். "கடைசி திரை கப்பல் பாய் மாதிரி" என்றார். நான் பத்துப் புத்தகத்தில் பார்க்காத உவமை.

இரண்டு மீனவப் பிள்ளைகள் கயிற்றுக்குள் வந்து ஆடத் தொடங்கிவிட்டார்கள். அண்ணன் வலையை மடியில் எடுத்துக்கொண்டே கேட்டார்.

"அந்தப் பொண்ணுக்கு எவ்வளவு குடுத்தாங்க?"

"ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்ண்ணே. தலைக்கோல் பட்டமும்."

"ராசாவே குடுத்தாரா?"

"ஆமாண்ணே."

"இங்க ராசா யாரு இருக்கா? ஆடியில எங்க அம்மன் திருவிழாவுக்கு வள்ளி திருமணம் வைக்கிறோம். தலைக்கட்டு வரி போட்டு எடுத்தாச்சு, நாடகக்காரங்களுக்கு அட்வான்ஸும் குடுத்தாச்சு. மழை வந்து ஆட்டம் நின்னாலும் சோறும் வண்டிச் செலவும் நம்மளுதுதான்."

ஆடாத நாளுக்கும் ஒரு தூணி. கழியை அவரிடமே கொடுத்தேன். மேடை போடுகிறவரிடம் காட்டுவதாகச் சொல்லி, படகின் உள்பக்கம் செருகி வைத்தார். திருவிழா தேதியும், மயிலாடுதுறையிலிருந்து ராத்திரி எத்தனை மணி வரை பேருந்து என்பதும் நோட்டில் குறித்திருக்கிறேன். ஆடியில் இங்கிருந்து எழுதுவேன்.